கல்லூரியில் படித்தும் பட்டதாரி ஆகலாம்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்ததும் நம் லயங்களில் ஒரு பேச்சுக் கேட்கும். "கம்பஸ் கிடைக்கல்ல, இனி என்ன, கொழும்புக் கடைதான்." இசட் புள்ளி குறைந்தால் படிப்பே முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். அப்படியல்ல. பல்கலைக்கழகத்துக்குப் போகாமலே பட்டம் பெற்றவர்கள் நம் நாட்டில் அன்றே இருந்தார்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டை எடுத்துக்கொள்வோம். 1974க்கு முன் அங்கே பல்கலைக்கழகம் கிடையாது. ஆனாலும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் பிள்ளைகள் பட்டப்படிப்புப் படித்தார்கள். பாடம் சொல்லிக்கொடுத்தது கல்லூரி; பரீட்சை வைத்துப் பட்டம் கொடுத்தது லண்டன் பல்கலைக்கழகம். 1974இல் அக்கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவையும், சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய திருநெல்வேலி பரமேஸ்வராக் கல்லூரியையும் கொண்டே யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று.

அமெரிக்காவிலும் ஊர் மக்களுக்கென்று இரண்டு வருடக் கல்லூரிகள் உண்டு. 2001இல் புளோரிடா மாநிலம் அவற்றில் ஒன்றுக்கு நான்கு வருடப் பட்டம் வழங்கவே அனுமதி கொடுத்தது. தூர இடம் போக வசதியில்லாதவர்களுக்கு இது பெரிய உதவி.

இன்று யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்று உண்டு. பெயரில் பல்கலைக்கழகம் என்று இருந்தாலும், இத்தகைய கல்லூரிகளில் பெரும்பாலும் கற்பிப்பது டிப்ளோமாதான். தேசிய தொழிற் தகைமையில் (என்.வி.கியூ.) 5ஆம், 6ஆம் மட்டங்கள் டிப்ளோமா, 7ஆம் மட்டமே பட்டம். டிப்ளோமா முடித்தவர்கள் இரத்மலானையிலுள்ள தொழிற்துறைப் பல்கலைக்கழகமான யூனிவோடெக்கில் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் இடம் தானாக வராது, தெரிவு உண்டு.

ஆகவே பெற்றோரே, எந்தக் கல்லூரியானாலும் காசு கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்:

1. கடைசியில் கையில் கிடைப்பது டிப்ளோமாவா, பட்டமா?

2. பட்டமென்றால் கொடுப்பது யார்? பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்கிறதா?

3. எத்தனை வருடம்? பொதுப் பட்டத்துக்கு மூன்று, சிறப்புப் பட்டத்துக்கு நான்கு வருடம் வேண்டும். ஒரே வருடத்தில் பட்டம் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

பதிலை வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்குங்கள். கொழுந்து பறித்துச் சேர்த்த காசு அது. ஒரு சதமும் வீண்போகக் கூடாது. பிள்ளையின் படிப்பும் நிற்கக் கூடாது.