மருத்துவச்சி மாணவியரின் தன்னம்பிக்கையில் வயதும் வாழ்வனுபவமும்: பிரித்தானியப் பயிற்சி முறையை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பிரித்தானியப் பல்கலைக்கழகங்களின் மருத்துவச்சிப் படிப்பில் பள்ளி முடித்து வந்த 18 வயது மாணவியும், பிள்ளைகளை வளர்த்தபின் வந்த 40 வயதுத் தாயும் ஒரே வகுப்பில் பயில்கின்றனர். வயதும் வாழ்வனுபவமும் இவர்களது தன்னம்பிக்கையை எங்கே வளர்க்கின்றன, எங்கே தடுக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. வாழ்வனுபவம் தாயோடு பழகும் நம்பிக்கையைத் தருகிறது. பேறு பார்க்கும் நம்பிக்கையோ மேற்பார்வையின்கீழ் பெறும் பயிற்சியால் உருவாகிறது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது தாய்க்கும் சேய்க்கும் இடர் விளைவிக்கும் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: மருத்துவச்சி, தன்னம்பிக்கை, வாழ்வனுபவம், மகப்பேறு, மேற்பார்வை.

முன்னுரை

‘மருத்துவச்சி’ என்றவுடன் தமிழர் மனத்தில் எழுவது வயதில் மூத்த, பல பிள்ளைகளைப் பெற்ற பெண்ணின் உருவமே. இங்கிலாந்தின் சிற்றூர்களிலும் நெடுங்காலம் இதே நிலை இருந்தது. அப்பெண்ணின் வயதே அவளது தகுதிச் சான்றாக விளங்கியது. பயிற்சி கல்விக்கூடத்திற்கு மாறியபின் மணமாகாத இளம்பெண்களும் இப்பணிக்கு வந்தனர். ‘பிள்ளை பெறாதவள் பேறு பார்க்கலாமா?’ என்னும் ஐயமும் உடன் வந்தது. இவ்வையம் இன்றும் மாணவியரின் தன்னம்பிக்கையைத் தொடுகிறது.

1. அனுபவத்திலிருந்து சான்றிதழுக்கு

இங்கிலாந்திற்கும் வேல்சிற்கும் உரிய மருத்துவச்சியர் சட்டம் 1902இல் இயற்றப்பட்டது. குறைந்தது ஓராண்டு இத்தொழிலைச் செய்துவந்த, நன்னடத்தை உடைய பெண்கள் தேர்வின்றியே பதிவு பெற அச்சட்டம் தொடக்கத்தில் இடமளித்தது. பதிவு பெறாதோர் மருத்துவரின் வழிகாட்டலின்றிக் கூலிக்குத் தொடர்ந்து பேறு பார்ப்பது 1910 முதல் தடைசெய்யப்பட்டது. அனுபவம் மட்டுமே தகுதியாக இருந்த நிலை இவ்வாறு படிப்படியாக முடிவுக்கு வந்தது.

இன்று பதிவுக்குப் பட்டப்படிப்பு தேவை. அதன் காலம் பொதுவாக 3 ஆண்டுகள்; அதில் ஏறத்தாழப் பாதி வகுப்பறையிலும் மறுபாதி மருத்துவமனையிலும் வீடுகளிலும் கழிகிறது. செவிலியர், மருத்துவச்சியர் மன்றத்தின் நெறிப்படி மாணவி 40 பேறுகளைத் தாமே பார்த்திருக்க வேண்டும். மூத்தவர், இளையவர் என்ற வேறுபாடின்றி இவ்வெண்ணிக்கை அனைவருக்கும் பொருந்தும்.

2. தன்னம்பிக்கையின் ஊற்றுகள்

உளவியலறிஞர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் தன்திறன் நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகளைக் குறிப்பிட்டார். அவை: தாமே செய்து வெற்றி பெறுதல், பிறர் செய்வதைக் காணுதல், பிறரது ஊக்கமொழி, தம் உடல் உள்ள நிலையை உணர்தல். இவற்றுள் முதலாவதே வலிமை மிக்கது. இந்நம்பிக்கை குறிப்பிட்ட செயலைச் சார்ந்தது என்பது இங்கு முதன்மையாகக் கருதத்தக்கது. அழும் குழந்தையைத் தேற்றத் தெரிந்தவர், வயிற்றைத் தொட்டுக் கருவின் கிடப்பை அறியவோ, கருப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் விரிந்துள்ளது என்று விரலால் கணிக்கவோ தெரிந்தவர் ஆகார். பின்னவற்றில் எல்லா மாணவியரும் தொடக்கநிலையினரே.

3. மூத்த மாணவியர்

மூத்த மாணவி அயலார் வீட்டிற்குள் தயக்கமின்றி நுழைகிறார். வலியில் கத்தும் பெண்ணைக் கண்டு கலங்குவதில்லை. அச்சமுற்ற கணவரோடும் முதிய தாயாரோடும் இயல்பாகப் பேசுகிறார். குழந்தை இறந்து பிறந்த வீட்டில் பேசாமல் உடன் இருக்கவும் அறிவார். துயரத்தைத் தாமே கடந்துவந்தவருக்கு இது எளிதாகிறது.

எனினும் இவ்வனுபவமே சில வேளைகளில் இடையூறாகிறது. தம் பேறுகாலத்தை அளவுகோலாகக் கொள்பவர், ‘எனக்கும் இப்படித்தான் வலித்தது’ என்று கூறி, கேட்கவேண்டிய முறையீட்டைக் கேளாது விடக்கூடும். தம் பேற்றில் நேர்ந்த கொடிய நிகழ்வு, பேற்றறையில் மீண்டும் நினைவில் எழுந்து கையை நடுங்கச் செய்யவும் கூடும்.

பட்ரீசியா பென்னர் 1984இல் வெளியிட்ட நூலில், ஒரு துறையில் தேர்ந்தவரும் பழகாத சூழலில் புதியவராகிறார் என்று விளக்கினார். வேறு பணியில் பலரை வழிநடத்திய பெண், தம்மைவிட இளைய மேற்பார்வையாளர் முன் கையுறை அணியும் முறையைக் கற்கும்போது அடையும் கூச்சம் இத்தகையது. ‘இவ்வயதில் இது தெரிந்திருக்க வேண்டாமா?’ என்ற எண்ணம் அவரை ஐயம் கேட்கவிடாது தடுக்கிறது. இரவுப்பணியும் குழந்தை வளர்ப்பும் இச்சுமையைக் கூட்டுகின்றன. இங்கிலாந்தில் 2020 முதல் மாணவியர்க்கு ஆண்டுக்கு 5,000 பவுண்டு உதவித்தொகையும், பிள்ளை வளர்ப்போருக்குக் கூடுதலாக 2,000 பவுண்டும் வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. தன்னம்பிக்கைக்குப் பொருளாதாரப் பக்கமும் உண்டு என்பதை இது காட்டுகிறது.

4. இளைய மாணவியர்

‘உனக்குக் குழந்தை உண்டா?’ என்ற கேள்வியை இளைய மாணவி அடிக்கடி எதிர்கொள்கிறார். அக்கேள்வியில் பகை இராது. ஆயினும் தாம் இங்கு இருக்கத் தகுதியற்றவர் என்ற எண்ணத்தை அது விதைக்கிறது. மறுபுறம், ஒப்பிடத் தம் பேறு என ஒன்று இல்லாமையால் அவர் தாய் சொல்வதை அப்படியே கேட்கிறார். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் அவருக்கு இழக்கும் மதிப்பும் குறைவு. இவ்வாறு, குறையாகக் கருதப்படும் இளமையே கற்றலுக்கு வழியாகிறது.

5. நம்பிக்கையும் திறனும் பொருந்துதல்

பேற்றறையில் அளவுக்கு மிஞ்சிய நம்பிக்கையும் குறைந்த நம்பிக்கையும் ஒருங்கே இடர் தருவன. பேற்றுக்குப் பின் 500 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட குருதிப்போக்கு கவனத்திற்குரியது. கண்மதிப்பில் அது பெரும்பாலும் குறைவாகவே தோன்றும். ‘இவ்வளவு போவது இயல்பே’ என்று உறுதியாக நம்புபவர் உதவிக்கு அழைப்பதைத் தாழ்த்துகிறார். தம் கணிப்பை நம்பாதவரும், ‘தவறாக இருந்தால் நகைப்பரே’ என்று அஞ்சி அவ்வாறே தாழ்த்துகிறார். காரணம் வேறாயினும் தாய்க்கு நேரும் கேடு ஒன்றே.

குழந்தையின் தலை வெளிவந்தபின் தோள் சிக்கிக்கொள்ளும் நிலை அரிதாகவே நேர்கிறது. தாயின் முழங்கால்களை வயிற்றை நோக்கி மடக்கி உயர்த்தும் முறை அப்போது முதற்கண் கையாளப்படுகிறது. வாழ்வனுபவம் இதைக் கற்பிக்காது. எனவேதான் பொம்மை உருவங்களைக் கொண்டு இச்செயல் மீண்டும் மீண்டும் பயிற்றப்படுகிறது.

6. இந்தியச் சூழலில்

இந்திய அரசு 2018இல் வெளியிட்ட மருத்துவச்சிப் பணி வழிகாட்டு நெறிகள், பதிவுபெற்ற செவிலியருக்கு 18 மாதச் சிறப்புப் பயிற்சி அளிக்க வழிவகுத்தன. இங்கு மாணவியர் பணி அனுபவத்தோடு வருகின்றனர். ஆகவே மூத்த மாணவியர் பற்றிய கருத்து இவர்களுக்கும் பொருந்தும். எல்லாத் தாயரையும் மல்லாந்து படுக்கவைத்துப் பேறு பார்த்துப் பழகியவர், தாய் விரும்பும் நிலையில் பேறு பார்க்கும்போது தம் கைப்பழக்கத்தை விடவேண்டியுள்ளது. புதியது கற்பதினும் பழகியதை விடுவது தன்னம்பிக்கையை மிகுதியாக அசைக்கும்.

முடிவுரை

வயது தன்னம்பிக்கையின் அளவைக் காட்டிலும் அதன் வகையையே மாற்றுகிறது. மூத்தவர்க்கு ஐயம் கேட்கும் துணிவையும், இளையவர்க்குத் தம் இடத்தை ஏற்கும் துணிவையும் பயிற்சி தரவேண்டும். தம் பேறு அனுபவத்தை மனம்விட்டுப் பேசி, அதைத் தாயின் அனுபவத்திலிருந்து பிரித்தறியப் பயிற்சியின் தொடக்கத்திலேயே வாய்ப்பளித்தல் நன்று. ஒரே மேற்பார்வையாளர் தொடர்ந்து உடனிருப்பின், மாணவியின் அமைதி திறனால் வந்ததா, வயதால் வந்த தோற்றமா என்பதை அவரால் அறிய இயலும். உரிய நேரத்தில் ‘உதவி தேவை’ என்று உரக்க அழைப்பதே மருத்துவச்சிக்கு வேண்டிய தன்னம்பிக்கையின் முதல் அடையாளமாகும்.