ஒரே சொல், கடல் தாண்டினால் வேறு பொருள்

அமெரிக்காவிலிருந்து போகும் கறுப்பினத்தவரைக்கூட ஹைட்டித் தெருப் பிள்ளைகள் ‘பிளான்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு வெள்ளை என்று பொருள். பிரெஞ்சுச் சொற்களிலிருந்து பிறந்த ஹைட்டியின் கிரியோல் மொழியில் அது வெளிநாட்டுக்காரர். தோல் நிறம் கணக்கிலேயே வராது. கறுப்பரைக் குறித்து, பிரெஞ்சில் வசையாகிவிட்ட ‘நெக்ர்’, அங்கே ‘நெக்’ ஆகி, ஆள், மனிதன் என்று சாதாரணமாகப் புழங்குகிறது. பிரெஞ்சு ஆட்சியிடமிருந்து அடிமைகள் போராடி 1804-ல் மீட்ட நாடு அது. நிறம் எதுவானாலும் ஹைட்டியர் எல்லோரும் கறுப்பர் என்றே அறியப்படுவர் என்று 1805 அரசியல் சாசனம் எழுதியது. ஆண்டவர்களின் சொல்லை ஆளப்பட்டவர்கள் பறித்துத் தமக்கென்று வைத்துக்கொண்டார்கள்.

பிரெஞ்சு மாலுமிகளின் பேச்சும் இப்படித்தான் கரையேறியது. கப்பலைக் கயிறு போட்டுக் கட்டுவதற்கான ‘அமாரே’, ஹைட்டியில் ‘மாரே’ ஆயிற்று. ஷூ லேஸ், ஆடு, தலைத்துணி என எதைக் கட்டினாலும் மாரேதான். கப்பலை இழுக்கும் ‘ஆலே’, ‘ராலே’ ஆகி, வந்தவர் உட்கார நாற்காலியை இழுத்துப் போடுகிறது. மொரீஷியஸ் கிரியோலில், தப்பியோடிய அடிமையைக் குறித்த ‘மரோன்’ என்ற சொல் இன்று பெர்மிட் இல்லாத டாக்சிக்கும் பெயர். நம்மவர்களும் இதற்குள் வருகிறார்கள். பிரான்ஸில் ‘மலபார்’ என்றால் வாட்டசாட்டமான ஆள்; ரீயூனியன் தீவில் ‘மல்பார்’ என்றால், கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போன தமிழர்களின் வாரிசு.

என் கவலையெல்லாம் இந்த நாடுகளின் வகுப்பறையைப் பற்றியது. பிரெஞ்சுக் கட்டுரையில் கிரியோல் பொருளில் ஒரு சொல் வந்துவிட்டால் சிவப்பு மை. பிரெஞ்சு தெரியாமல் வேலை கிடைக்காது என்பவர்கள் சொல்வது வாஸ்தவம்தான். ஆனால் ‘இது உன் மொழியில் சரி, பிரெஞ்சில் வேறு’ என்று சொல்லித் திருத்துவதற்கும், ‘உன் வீட்டில் பேசுவதே கொச்சை’ என்று தலையில் அடிப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! இரு மொழிச் சொற்களும் ஒரே மாதிரி ஒலிப்பதால் பிள்ளைக்கு எல்லை தெரியாது; ஆசிரியர்தான் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அந்தப் பிள்ளை வாய் திறக்கவே கூசும். ஹைட்டியில் ஏறக்குறைய எல்லோருமே பேசுவது கிரியோல். 1987 சாசனம் அதை ஆட்சிமொழியும் ஆக்கியது. அப்படியும் பல பள்ளிகளில் பிரெஞ்சுக்குத்தான் மரியாதை.

மொரீஷியஸ் கொஞ்சம் முந்திக்கொண்டது. கிரியோல் சொற்களுக்குக் கிரியோலிலேயே விளக்கம் தரும் அர்னோ கார்ப்பூரனின் அகராதி 2009-ல் வந்தது. 2012-ல் தொடக்கப் பள்ளிகளில் கிரியோல் பாடமாயிற்று, விருப்பப் பாடமாக. விரும்பினால் படிக்கலாம் என்ற இடத்தில்தான் ஒரு நாட்டின் வீட்டுமொழியை நிறுத்தியிருக்கிறார்கள்.