திகட்டுதா? கொஞ்சம் கவனிங்க!

"போதும் மாமி... திகட்டுது!"

பந்தியில் இரண்டாவது மைசூர்பாகு இலையில் விழும்போது எழும் இந்தக் குரலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "சும்மா கூச்சப்படறே" என்று சொல்லி மூன்றாவதையும் வைத்துவிட்டுப் போவார்கள்! உண்மையில் அது கூச்சம் இல்லை. உடம்பு கொடுக்கிற முதல் எச்சரிக்கை.

அளவு மீறிப்போனதைச் சொல்ல நம்மிடம் எத்தனை வார்த்தைகள் பாருங்கள். உப்பு அதிகமானால் கரிக்கும். மிளகாய் அதிகமானால் எரியும். புளிப்பு ஏறினால் பல் கூசும். இனிப்பும் நெய்யும் எண்ணெயும் மட்டும்தான் திகட்டும். 'ரசம் திகட்டுது' என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ஏட்டில் இதையே 'தெவிட்டுதல்' என்று எழுதுவார்கள். தெவிட்டாத இசை, தெவிட்டாத தமிழ் எல்லாம் அங்கிருந்து வந்ததுதான்.

வயிறு நிறைவது வேறு, திகட்டுவது வேறு. திகட்டல் முதலில் நாக்கிலும் மூளையிலும் நடக்கிற விஷயம். ஒரே சுவையைத் தொடர்ந்து சாப்பிட்டால், அது ஜீரணமாகி ரத்தத்தில் சேருவதற்கு முன்பே அந்தச் சுவை மேல் இருக்கும் ஆசை குறைந்துவிடும். மற்ற சுவைகளின் மேல் ஆசை அப்படியே இருக்கும்! பார்பரா ரோல்ஸ், எட்மண்ட் ரோல்ஸ் குழுவினர் 1981ல் இதைச் சோதனை செய்து எழுதினார்கள். கொழுப்பு சிறுகுடலுக்குப் போனதும் அங்கே சுரக்கும் ஹார்மோன் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி, 'நிறுத்து' என்று மூளைக்கும் தகவல் அனுப்புகிறது. நெய் ஸ்வீட் சீக்கிரம் முகத்திலடிப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த சூட்சுமம் எப்போதோ தெரியும். சொஜ்ஜிக்குத் துணையாக பஜ்ஜி, ஸ்வீட்டுக்குப் பக்கத்தில் காரம், அதற்கு மேல் ஒரு காபி... திகட்டலை விரட்டி, அடுத்த ரவுண்டுக்குத் தயார் செய்யும் ஏற்பாடு இது. விருந்தில் ருசிக்கு நல்லதுதான். தினமும் டி.வி. முன்னால் மிக்சரும் லட்டுமாக மாற்றி மாற்றிக் கொறித்தால், திகட்டலுக்கு வேலையே இருக்காது. எடை ஏறும் வேலைதான் நடக்கும்.

இதைவிட மோசம் கலர் பானங்கள். 300 மில்லி கோலாவில் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. அதாவது ஆறேழு டீஸ்பூன். அதே சர்க்கரையை வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் கரைத்துக் குடித்துப் பாருங்கள். பாதி டம்ளர் தாண்டாது! கோலாவில் சேர்க்கும் அமிலமும் ஜில்லிப்பும் இனிப்பை மறைத்துவிடுவதால் நாக்கு ஏமாந்துபோகிறது. உருகிப்போன ஐஸ்கிரீம் அசட்டுத் தித்திப்பாக இருப்பதும் இதனால்தான். எனவே குழந்தை 'திகட்டலையே' என்று சொன்னால் அதை நம்பி இன்னொரு பாட்டில் வாங்கிக் கொடுக்காதீர்கள். ஆனால் 'திகட்டுது' என்று பாயசக் கிண்ணத்தைத் தள்ளினால் நம்புங்கள். வற்புறுத்தி ஊட்ட வேண்டாம்.

சரி, சாப்பிடாமலே திகட்டினால்?

தாளிக்கிற வாசனைக்கே குமட்டுகிறது, எண்ணெய்ப் பண்டத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை, உடம்பு அசதியாக இருக்கிறது என்றால் 'பித்தம்' என்று நார்த்தங்காயை வாயில் போட்டுக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். மஞ்சள் காமாலை ஆரம்பத்தில், கண் மஞ்சளாவதற்குச் சில நாள் முன்பே இப்படி வரலாம். சிகரெட் பிடிப்பவருக்குத் திடீரென்று சிகரெட்டே வெறுத்துப்போவதும் உண்டு (இதற்காகச் சந்தோஷப்பட்டு டாக்டரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள்!).

வீட்டுப் பெரியவர்கள் "ரெண்டு வாய்க்கே போதும்னு ஆயிடுது" என்பார்கள். 'வயசாச்சு இல்லையா' என்று நாமும் விட்டுவிடுவோம். இரண்டு மூன்று வாரமாக இப்படியே இருந்தால், கூடவே எடை குறைந்தால், மலம் கறுப்பாகப் போனால் உடனே காட்ட வேண்டும். இரைப்பையில் புண்ணோ கட்டியோ இருக்கலாம். பெண்களுக்கு அடிவயிறு உப்பி, கொஞ்சம் சாப்பிட்டதுமே நிறைந்துவிடுகிற தொல்லை நீடித்தால் சினைப்பையையும் ஸ்கேன் செய்து பார்ப்பது நல்லது. சர்க்கரை நோய் நெடுநாள் இருப்பவர்களுக்கு இரைப்பையின் நரம்புகள் பாதிக்கப்பட்டு, காலையில் சாப்பிட்டது மதியம் வரை தங்கிவிடுவதும் உண்டு.

சர்க்கரை நோயாளிகள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட்டுக்கொண்டு, பிறகு 'திகட்டுது, வேண்டாம்' என்று எழுந்துவிட்டால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தெரிந்தால் நினைவு தெளிவாக இருக்கும்போதே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை கொடுக்கலாம். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.