குடியிருந்தோர் எங்கே?

அரண்மனைக்கும் கோட்டைக்கும் புராதனச் சின்னம் என்ற பெருமை கிடைப்பது உலக வழக்கம். தொழிலாளி வாடகைக்குக் குடியிருந்த வீட்டுக்கு அப்பெருமையை யார் தருவார்? இங்கிலாந்து தந்திருக்கிறது, தந்த விதந்தான் நாம் ஆராயத் தக்கது.

எஃகுத் தொழிலுக்குப் பெயர்போன ஷெபீல்ட் நகரில், ரயில் நிலையத்துக்கு மேலுள்ள குன்றில் பார்க் ஹில் என்னும் குடியிருப்பு நிற்கிறது. முன்பு நெருக்கமான ஏழை வீடுகள் நிறைந்திருந்த அவ்விடத்தில், இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின், நகரசபையார் 1957 முதல் 1961 வரை இதைக் கட்டினர். திட்டம் வகுத்தோர் ஜாக் லின், ஐவர் ஸ்மித் என்னும் இளைஞர் இருவர். வீடுகள் 995. குன்று சரிந்தாலும் கூரை மட்டம் மாறாதபடி அமைத்ததால், மேட்டில் 4 மாடியாயுள்ள கட்டடம் பள்ளத்தில் 13 மாடியாகிறது.

இதன் உயிர் சுவரில் இல்லை, வீதியில் இருந்தது. மூன்று மாடிக்கு ஒன்றாக, சுமார் 10 அடி அகலத்தில், வீட்டு வாசல்களை ஒட்டி வெளிவீதிகள் ஓடின. சரிவின் பயனாக அவற்றுள் பெரும்பாலானவை ஒரு முனையில் தரையைத் தொட்டன. பால்காரரின் வண்டி மேல்மாடி வாசல்வரை சென்றது. பழைய தெருக்களின் பெயர்களையே புதிய வீதிகளுக்கு இட்டனர். பழைய அயலாரை மறுபடியும் அயலாராகவே குடியேற்றினர். நம் ஊர்த் திண்ணையின் அருமையை அறிந்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பின்னர் எஃகுத் தொழில் நொடித்தது. வேலை போயிற்று, பழுதுபார்ப்பும் குறைந்தது, குடியிருப்பின் பெயர் கெட்டது. ஆலைகள் மூடியதன் குற்றத்தைச் சிமெண்டின் தலையில் சுமத்தியது எவ்வளவு சுலபம்! எனினும் 1998-ல் பார்க் ஹில் பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடங்களின் ஜாபிதாவில் உயர்ந்த வகுப்பில் சேர்க்கப்பட்டது. இடிப்பார் கையினின்று அது தப்பியது. இதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் நடந்தது என்ன? புதுப்பிக்கும் வேலை தனியார் கம்பெனியிடம் சென்றது. குடிகள் வெளியேற்றப்பட்டனர். முதற் பகுதியில் சிமெண்டு எலும்புக்கூட்டை மட்டும் நிறுத்தி, செங்கல்லை நீக்கி, வர்ண அலுமினியத் தகடுகளைப் பொருத்தினர். முழுவதும் நகரசபை வாடகை வீடுகளாயிருந்த இடத்தில் பெரும்பகுதி விற்பனைக்கும் சந்தை வாடகைக்கும் போயிற்று. வீதிகள் எஞ்சின; அவற்றில் நின்று பேசியவர்க்கு அங்கே உரிமை எஞ்சவில்லை.

லண்டனில் பாப்ளர் வட்டாரத்திலிருந்த ராபின் ஹூட் கார்டன்ஸின் கதி வேறு. ஸ்மித்ஸன் தம்பதிகள் வகுத்து 1972-ல் முடிந்த அக்குடியிருப்பைக் காக்க மறுத்துவிட்டனர்; 2017-ல் இடிக்கத் தொடங்கினர். அதன் ஒரு துண்டை மட்டும் விக்டோரியா ஆல்பர்ட் பொருட்காட்சிசாலை வாங்கி, 2018-ல் வெனிஸ் நகரக் கண்காட்சிக்கும் அனுப்பிற்று. குடியிருந்தவன் காலி செய்த வாசற்படியைக் கடல் கடந்த ரசிகர் கண்டு களித்தனர்.

பார்க் ஹில்லிலும் அத்தகைய ஒரு காட்சி இருந்தது. கட்டடங்களை இணைக்கும் உயர்ந்த பாலமொன்றில், ஓர் இளைஞர் தம் காதலியின் பெயரை எழுதி, தம்மை மணக்கச் சம்மதமா என்று கேட்டிருந்தார். புதுப்பித்தோர் அவ்வெழுத்தை நியான் விளக்காக்கி ஊரெல்லாம் காணச் செய்தனர். அதில் பெண்ணின் பெயரை மட்டும் விட்டுவிட்டனர்.