பழந்துணியில் மலரும் பரிவு: வங்கத்தின் காந்தா போர்வைகள்

மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும், பழைய புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கித் தைத்து உருவாக்கும் போர்வையைக் ‘காந்தா’ என்பர். உருவங்களும் பூவேலையும் நிறைந்ததாயின் அது ‘நக்‌ஷி காந்தா’ எனப்படும். இது சந்தைக்கென்று தோன்றிய கலையன்று. பிறக்கவிருக்கும் குழந்தைக்காகவோ, மணமகளுக்காகவோ, விருந்தினருக்காகவோ வீட்டுப் பெண்கள் ஓய்வு வேளைகளில் தைத்தது.

உருவாகும் முறை

பலமுறை துவைத்து மென்மையடைந்த பருத்தித் துணிகளைச் சுருக்கமின்றி ஒன்றன்மேல் ஒன்றாக விரிப்பர். அடுக்குகள் நகராதிருக்க முதலில் பெரிய தையல்களால் இணைப்பர். பழம்புடவைகளின் வண்ணக் கரைகளிலிருந்து உருவி எடுத்த நூலையே முற்காலத்தில் பூவேலைக்குப் பயன்படுத்தினர்.

இதற்கு வேண்டுவது பெரும்பாலும் ஒரே தையல்தான். ஊசி மேலும் கீழுமாகச் சென்றுவரும் எளிய ஓட்டுத் தையல் அது. நடுவில் தாமரை, மூலைகளில் மரங்கள், இடையே மீன், யானை, பறவை, படகு எனப் படங்கள் அமையும். எஞ்சிய வெற்றிடமும் நுண்ணிய தையல்களால் நிரம்பும். நூல் இழுபடுவதால் துணியில் நீரலை போன்ற சுருக்கங்கள் எழும். சில காந்தாக்களில் தைத்தவரின் பெயரும் நூலாலேயே எழுதப்பட்டிருக்கும்.

தனித்து நின்றால் எளிதில் கிழிந்துபோகும் நைந்த துணிகள், நெருங்கிய தையல்களால் ஒன்றையொன்று தாங்கி உறுதி பெறுகின்றன. காந்தாவின் அடிப்படை இதுவே. தாயின் பழம்புடவையில் தூளி கட்டும் நம் வழக்கத்திலும் துணியின் மென்மையே முதன்மையானது.

குருசதய தத்தர் (1882–1941) போன்றோர் இவற்றைத் தேடிச் சேகரித்தமையால் பழைய காந்தாக்கள் பல இன்று அருங்காட்சியகங்களில் காக்கப்படுகின்றன. மேற்கு வங்கத்தின் நக்‌ஷி காந்தா 2008-இல் புவிசார் குறியீடு பெற்றது.

நீங்களும் தைக்க விரும்பினால்

நீண்ட நாள் சிகிச்சையில் இருப்போரும் உடனிருப்போரும் ஒரு சிறு விரிப்பிலிருந்து தொடங்கலாம். ஒரு முழம் சதுரமான மூன்று அடுக்குப் பருத்தித் துணி போதுமானது. பின்வருவனவற்றைக் கருத்திற்கொள்க:

• துணிகளைச் சோப்பிட்டு அலசி, வெயிலில் நன்கு உலர்த்திய பின்னரே தைக்கவும்.

• நோயாளர் பகுதியில் ஊசி, கத்தரிக்கோல் பயன்படுத்துமுன் செவிலியரின் அனுமதியைப் பெறவும். வேலை முடிந்ததும் ஊசிகளை எண்ணி, மூடியுள்ள பெட்டியில் வைக்கவும்.

• நீரிழிவால் விரல்களில் உணர்ச்சி குன்றியவர்கள் ஊசி குத்தியதை அறியாமல் போகக்கூடும். இவர்களும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோரும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும்.

• போதிய வெளிச்சத்தில் அமரவும். கண்ணோ கழுத்தோ அயர்ந்தால் நிறுத்திவிடவும்.

• ஒரு வயது நிறையாத குழந்தை உறங்கும் இடத்தில் தளர்வான போர்வை எதுவும் இருத்தலாகாது; அது முகத்தை மூடி மூச்சைத் தடுக்கக்கூடும். குழந்தை விழித்திருக்கையில், பெரியோர் பார்வையில், கீழே விரித்துக் கிடத்தலாம்.

காந்தாவை விரைந்து முடிக்க வேண்டுவதில்லை. பெரிய போர்வையொன்று நிறைவுறப் பல மாதங்கள் ஆவதுண்டு. ஒரு தலைமுறையினர் தொடங்கியதை அடுத்த தலைமுறையினர் முடித்ததும் உண்டு. இன்று பத்துத் தையல் மட்டுமே இயன்றாலும், நாளை அவ்விடத்திலிருந்து தொடரலாம். களைத்த நாளில் அவ்வூசியை உடனிருப்பவர் வாங்கித் தொடர்வதும் இக்கலையின் மரபுக்கு உகந்ததே.