அப்டேட் போட்டாச்சு… இடம் எங்கே போச்சு?

"நேத்து ராத்திரி அப்டேட் போட்டேன்டா. காலையில ஃபோட்டோ எடுக்கப் போனா 'ஸ்டோரேஜ் ஃபுல்'னு வருது. என்னடா செய்யுறது?"

பெருங்களத்தூரில் இருக்கும் என் சித்தி ஃபோனில் கேட்ட கேள்வி இது. நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. சாயங்காலம் வீடு திரும்பும் வழியில் ஒரு செல்ஃபோன் கடையில் கொடுத்திருக்கிறார். ஐந்தே நிமிடத்தில் 9 ஜிபி காலியாகிவிட்டது. சித்திக்கு ஒரே சந்தோஷம்.

இரண்டு நாள் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. கடைக்காரத் தம்பி ஃபைல் மேனேஜரைத் திறந்து, வாட்ஸ்அப் ஃபோல்டரை அப்படியே அழித்திருக்கிறார். அதில் இருந்தவை வெறும் 'குட்மார்னிங்' படங்கள் மட்டும் அல்ல. போன வருடம் தவறிப்போன எங்கள் பாட்டி அனுப்பிய குரல் பதிவுகளும் அதில்தான் இருந்தன. இப்போது சாட்டில் அந்த வரிசை அப்படியே தெரிகிறது, ஆனால் அழுத்தினால் 'ஃபைல் இல்லை' என்று வருகிறது. அனுப்பியவரிடம் மறுபடி அனுப்பச் சொல்லவும் வழியில்லை. ஒரே ஒரு பதிவை மட்டும் சித்தி எப்போதோ என் அம்மாவுக்கு ஃபார்வர்டு செய்திருந்தார். அது மட்டும் தப்பியது.

ஸ்டோரேஜைக் காலி செய்வது கஷ்டமான வேலை இல்லை. எதை முதலில் அழிக்கலாம், எதைத் தொடவே கூடாது என்ற வரிசை தெரிந்தால் போதும்.

இடம் ஏன் குறைகிறது?

ஃபோனின் இயங்குதளத்துக்குப் பெரிய அப்டேட் வரும்போது மூன்று விஷயங்கள் நடக்கின்றன.

முதலாவது, புதிய பதிப்பு பழையதைவிடப் பெரிதாக இருக்கலாம். அப்படிப் போன இடம் திரும்ப வராது. 64 ஜிபி என்று பெட்டியில் போட்டிருந்தாலும் அதில் ஒரு பங்கு சிஸ்டத்துக்குத்தான். 'சிஸ்டம்' என்று காட்டும் பகுதியைக் குறைக்க முயல வேண்டாம்.

இரண்டாவது, பல புதிய ஆண்ட்ராய்டு ஃபோன்களில், நீங்கள் ஃபோனைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே அப்டேட் பின்னணியில் எழுதப்படுகிறது. அதற்கு உங்கள் சேமிப்பிடத்தில் கொஞ்சம் தற்காலிகக் கடன் வாங்கிக்கொள்ளும். ரீஸ்டார்ட் ஆகி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகு அந்தக் கடனைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

மூன்றாவது, புதிய பதிப்புக்கு ஏற்றபடி ஆப்கள் எல்லாம் திரும்பச் சீரமைக்கப்படும். அந்த நேரத்தில் ஃபோன் சூடாவதும், மெதுவாக இயங்குவதும் சகஜம்.

முதல் வேலை: பொறுத்திருங்கள்

அப்டேட் போட்ட அன்றே எதையும் அழிக்காதீர்கள். ஃபோனை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டு, வைஃபை இருந்தால் அதையும் இணைத்து வையுங்கள். மறுநாள் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ்' பகுதியைப் பாருங்கள். கடன் வாங்கிய இடம் பெரும்பாலும் திரும்பி வந்திருக்கும்.

அப்படியும் இடம் போதவில்லை என்றால், எது அதிகம் அடைத்திருக்கிறது என்று அதே பக்கத்தில் பாருங்கள். வீடியோவா, ஆப்களா, படங்களா? பெரியதில் இருந்து தொடங்குங்கள். நூறு சின்னப் படங்களை அழிப்பதைவிட ஒரு பெரிய வீடியோவை அழிப்பதில் அதிக இடம் கிடைக்கும்.

அழிக்கும் வரிசை

விதி ஒன்றுதான்: மறுபடி கிடைக்கக்கூடியதை முதலில் அழியுங்கள். மறுபடி கிடைக்காததைக் கடைசிவரை தொடாதீர்கள்.

1. ஆஃப்லைனில் சேமித்த சினிமா, பாட்டு, யூடியூப் வீடியோ. வேண்டும்போது மறுபடி இறக்கிக்கொள்ளலாம்.

2. டெலிகிராம் கேஷ். இந்த 'கேஷ்' நம் பர்ஸில் இருக்கும் காசு இல்லை. ஆப்கள் வேகத்துக்காக எடுத்து வைக்கும் தற்காலிக நகல். டெலிகிராம் செட்டிங்ஸில் 'டேட்டா அண்டு ஸ்டோரேஜ்', அதில் 'ஸ்டோரேஜ் யூசேஜ்' போய் அழிக்கலாம். வழக்கமான சாட்களின் படங்களும் வீடியோக்களும் அவர்கள் சர்வரில் இருப்பதால், தேவைப்பட்டால் திரும்ப வந்துவிடும்.

3. வாட்ஸ்அப். சித்தியின் ஃபோனில் தவறு நடந்த இடம் இதுதான். ஃபைல் மேனேஜர் வழியாகப் போகாதீர்கள். வாட்ஸ்அப்பின் உள்ளேயே செட்டிங்ஸ், 'ஸ்டோரேஜ் அண்டு டேட்டா', 'மேனேஜ் ஸ்டோரேஜ்' என்று வரிசையாகப் போங்கள். 'பலமுறை ஃபார்வர்டு ஆனவை', '5 எம்பிக்கு மேற்பட்டவை' என்று அதுவே பிரித்துக் காட்டும். அந்த இரண்டையும் பார்த்துப் பார்த்து அழித்தாலே நிறைய இடம் கிடைக்கும். குடும்ப சாட்களைத் தொட வேண்டியிருக்காது. பிறகு 'ஆட்டோ டவுன்லோடு' வசதியை அணைத்துவிட்டால், அடுத்த வாரமே மறுபடி நிரம்பாது.

4. பயன்படுத்தாத ஆப்கள். ஐஃபோனில் 'ஆஃப்லோடு' என்ற வசதி இருக்கிறது. ஆப் மட்டும் போகும், அதன் ஆவணங்களும் தகவல்களும் ஃபோனிலேயே இருக்கும்.

5. கடைசியாக, உங்கள் சொந்தப் படங்கள். கூகுள் ஃபோட்டோஸில் 'பேக்கப் முடிந்தது' என்று வந்த பிறகு 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுங்கள். ஃபோனில் உள்ள நகல் மட்டும் போகும், மேலே சேமித்தது இருக்கும். ஆனால் அதே ஆப்பில் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து 'டெலீட்' கொடுத்தால் இரண்டு இடத்திலும் போய்விடும். பலர் ஏமாறுவது இங்கேதான். பேக்கப் ஆன படம் 60 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும், அதற்குள் மீட்டுவிடலாம்.

கூகுள் கணக்கில் இலவசம் 15 ஜிபி மட்டுமே. ஜிமெயில், டிரைவ், படங்கள், ஆண்ட்ராய்டின் வாட்ஸ்அப் பேக்கப் எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். அதுவும் நிரம்பிவிட்டதா என்று ஒருமுறை பாருங்கள். நிரம்பியிருந்தால் பேக்கப் நின்றுபோயிருக்கும்.

'கிளியர் டேட்டா' வேண்டாம்

ஆப் தகவல் பக்கத்தில் இரண்டு பட்டன்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். 'கிளியர் கேஷ்' பயமில்லாதது. 'கிளியர் டேட்டா' அல்லது 'கிளியர் ஸ்டோரேஜ்' என்பது அந்த ஆப்பைப் புதிதாக வாங்கிய நிலைக்குக் கொண்டுபோய்விடும். பணப் பரிவர்த்தனை ஆப் என்றால் வங்கிக் கணக்கைத் திரும்ப இணைக்க வேண்டிவரும். டிக்கெட் ஆப் என்றால் மறுபடி லாகின், மறுபடி ஓடிபி. பெருங்களத்தூர் பிளாட்ஃபாரத்தில் வண்டி வந்து நிற்கும்போது செய்யும் வேலையா அது?

சான்றிதழ்களை எங்கே வைப்பது?

ஆதார், ஓட்டுநர் உரிமம், ஆர்.சி. எல்லாவற்றையும் படம் பிடித்து கேலரியில் வைத்திருப்போம். அவற்றுக்கு டிஜிலாக்கர் இருக்கிறது. 2015-இல் தொடங்கிய இந்திய அரசின் சேவை அது. அதில் துறைகளே வழங்கும் ஆவணங்கள் அசலுக்குச் சமமாகச் சட்டப்படி ஏற்கப்படுகின்றன. ஃபோன் தொலைந்தாலும் ஆவணம் போகாது. இ-சேவை மையத்துக்குப் போகும் வழியில் கேலரியைத் தேடி அலையவும் வேண்டாம்.

கணினி வைத்திருப்பவர்களுக்கு

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 14 அக்டோபர் 2025-உடன் முடிந்தது. அதனால் வீட்டு லேப்டாப்பில் பலர் விண்டோஸ் 11-க்கு மாறியிருப்பீர்கள். மாறியதும் சி டிரைவில் பல ஜிபி காணாமல் போயிருக்கும். காரணம், பழைய விண்டோஸ் முழுவதும் 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற ஃபோல்டரில் 10 நாள் வைக்கப்படுகிறது. புதியது பிடிக்காவிட்டால் திரும்பிப் போகத்தான் இந்த ஏற்பாடு. அதன் பிறகு பொதுவாகத் தானாகவே அழிந்துவிடும்.

அவசரம் என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், 'டெம்பரரி ஃபைல்ஸ்' போய் 'முந்தைய விண்டோஸ்' என்பதை மட்டும் டிக் செய்து நீக்கலாம். நீக்கிய பிறகு பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது. உங்கள் ஃபைல்கள் எல்லாம் புதியதில் வந்துவிட்டனவா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். அதே பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்தால், பிள்ளைகள் இறக்கி வைத்த பாடங்களும் விண்ணப்பங்களும் சேர்ந்து போய்விடும்.

'கிளீனர்' என்று வரும் லிங்க்

'உங்கள் ஃபோன் 98% நிரம்பிவிட்டது, இதை அழுத்துங்கள்' என்று வரும் விளம்பரத்தையும், வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலையும் திறக்க வேண்டாம். சுத்தம் செய்யத் தேவையான வசதி எல்லாம் ஃபோனிலேயே இருக்கிறது. தவறி அழுத்தி, பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள். சைபர் நிதி மோசடிக்கான தேசிய உதவி எண் அது.

மழைக்கு முன்னால் ஒருமுறை

2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததை நம் பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதிரி நேரத்தில் டிஎன் அலர்ட் ஆப்பை இறக்கவோ, சேதத்தைப் படம் எடுக்கவோ, இருக்கும் இடத்தை உறவினருக்கு அனுப்பவோ ஃபோனில் இடம் வேண்டும். 64 ஜிபி ஃபோன் என்றால் 6 ஜிபியாவது எப்போதும் காலியாக இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேலே சொன்ன வரிசைப்படி அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

உட்காருவதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் குரல் பதிவு, பழைய படம், எது உங்களுக்கு முக்கியமோ அதை வீட்டில் இன்னொருவருக்கு இப்போதே அனுப்பி வையுங்கள். எங்கள் பாட்டியின் குரல் இன்றைக்கு அம்மாவின் ஃபோனில் கேட்கிறது என்றால், சித்தி அன்றைக்கு அதை அனுப்பி வைத்ததால்தான். "சாப்டியா?" என்று கேட்கும், பத்து நொடிதான்.