சவப்பெட்டிக்குள் வாழைமரம்

திரையில் பட்டாளம் – 9

சீருடை, துப்பாக்கி, டாங்க் எல்லாம் அசல்போல இருந்தால் போர்ப்படம் அசலாகிவிடுமா என்று போன வாரம் கேட்டிருந்தோம். சண்டைக்குப் போக மனமில்லாத சிப்பாய் தமிழ்ப் படங்களில் எங்கே என்பதுதான் இந்த வாரத்துக்குச் சொல்லிவைத்த விஷயம்.

அதற்குள் பள்ளிப்பட்டிலிருந்து ஒரு முன்னாள் ஹவில்தார் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். "நீங்க துப்பாக்கியப் பத்தியே எழுதுறீங்க சார். பட்டாளத்துல பாதிப் பேச்சு லீவப் பத்தித்தான். படத்துல எவனாவது லீவு கேக்குறானா?" நியாயமான கேள்வி. கோசஸ்தலை ஆற்றங்கரையிலிருந்து ராஜஸ்தான் பாலைவனத்துக்கோ காஷ்மீருக்கோ போனவருக்கு, லீவு சாங்ஷன் ஆகிற நாளைவிடப் பெரிய நாள் எது?

ஒருவன் கேட்கிறான். ஜே.பி. தத்தாவின் 'பார்டர்' (1997) படத்தில் மதுரா தாஸ் என்ற சிப்பாய். மனைவிக்குப் புற்றுநோய். லீவு கிடைத்ததும் அவன் காட்டும் சந்தோஷம் மேஜருக்குப் பொறுக்கவில்லை. எல்லார் முன்னாலும் திட்டித் தீர்க்கிறார். கிளம்பிப் போனவன் திரும்பி வந்து சண்டையில் சாகிறான். லீவு கேட்ட குற்றத்தை உயிரால் கழுவினால்தான் அந்தத் திரைக்கதைக்கு நிம்மதி. அதே படத்தில் சுனில் ஷெட்டி நடித்த பைரோன் சிங், படத்தின் களமான லோங்கேவாலாவில் நிஜமாகவே இருந்த எல்லைக் காவல் படை வீரர். படத்தில் அவருக்கு வீரமரணம். நிஜத்தில் 1971 போரில் பிழைத்து, பதக்கம் வாங்கி, ஓய்வுபெற்று, படம் வந்த பிறகும் கால் நூற்றாண்டு வாழ்ந்து 2022 டிசம்பரில் ஜோத்பூரில் காலமானார். உயிரோடு இருந்த மனிதரையே சாகடித்தால்தான் வீரம் நிறைவாகும் என்று சினிமா நம்பியிருக்கிறது.

பிழைத்து வீடு திரும்ப ஆசைப்படுகிறவனைச் சினிமா எப்படி நடத்துகிறது என்று தேடப் போனால், பாதை பாக் நீரிணையைத் தாண்டி இலங்கைக்குப் போகிறது. இந்த வாரம் முழுக்க விடாமல் துரத்திய படமும் அங்கேதான் இருக்கிறது: பிரசன்ன விதானகே 1997இல் எடுத்த சிங்களப் படம் 'புரஹந்த களுவர'. தயாரிப்புக்குப் பணம் தந்தது ஜப்பானின் என்.எச்.கே. தொலைக்காட்சி.

வறண்ட பிரதேசத்துக் கிராமம். வன்னிஹாமி என்ற பார்வையற்ற கிழவர். மகன் பண்டார பட்டாளத்தில் இருக்கிறான். ஒருநாள் மூடி முத்திரையிட்ட சவப்பெட்டி ஒன்று வீட்டு வாசலில் வந்து இறங்குகிறது. திறக்கக் கூடாது என்பது உத்தரவு. கண்ணால் பார்க்க முடியாதவர், கையால் தடவிப் பார்ப்பதற்கும் வழியில்லை. புதைக்கிறார்கள். அப்புறம்தான் படம் தொடங்குகிறது என்று சொல்லலாம். இழப்பீட்டுப் படிவத்தில் கிழவர் கையெழுத்து வைத்தால் பணம் வரும். மகன் கட்டத் தொடங்கிய வீடு பாதியில் நிற்கிறது. கையெழுத்துப் போடச் சொல்லிச் சுற்றியிருப்பவர்கள் நெருக்குகிறார்கள். மகன் சாகவில்லை என்று கிழவர் மறுக்கிறார். கடைசியில் தானே போய்க் குழியைத் தோண்டுகிறார், ஊரும் கூடிவிடுகிறது. பெட்டியைத் திறந்தால் உள்ளே வாழைமரத் துண்டும் கற்களும்.

இந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்தாலும் உடம்பு ஒரு கணம் ஆடிப்போகும். ஒரு வேட்டுச் சத்தம்கூட இல்லாமல் போரின் மொத்தக் கணக்கும் அந்தப் பெட்டியில் இருக்கிறது. குண்டுவெடிப்பில் சிதறியவனின் உடல் கிடைக்காமல் போயிருக்கலாம். ஏதோ ஒன்றை அனுப்பியாக வேண்டுமே என்று எடைக்கு வாழைமரத்தை வைத்து ஆணியடித்திருக்கலாம். பண்டார இறந்தானா, காணாமல் போனானா என்று படம் சொல்வதில்லை. அவன் ஏன் பட்டாளத்துக்குப் போனான் என்பது மட்டும் அந்தப் பாதிச் சுவர்களில் பச்சையாகத் தெரிகிறது. நாட்டுப்பற்று வசனம் எதுவும் இல்லை. செங்கல்லுக்குக் காசு வேண்டும், அதற்குச் சம்பளம் வேண்டும். கிழவராக நடித்த ஜோ அபேவிக்ரமவுக்கு 1999இல் சிங்கப்பூர் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது.

படம் வெளிநாட்டு விழாக்களைச் சுற்றி வந்த பிறகு சொந்த நாட்டில் 2000ஆம் ஆண்டு திரைக்கு வர இருந்தது. அந்த ஏப்ரலில்தான் ஆனையிறவு முகாம் புலிகளிடம் வீழ்ந்திருந்தது. இந்த நேரத்தில் இப்படியொரு படம் வந்தால் படைவீரர்களின் மனஉறுதி குலையும் என்று அரசு வெளியீட்டை நிறுத்திவைத்தது. விதானகே உச்ச நீதிமன்றம் போனார். நிறுத்தியது கருத்துச் சுதந்திரத்துக்கு விரோதம் என்று 2001இல் தீர்ப்பு வந்தது, படமும் வெளியானது. அந்தப் படத்தில் ராணுவத்தைத் திட்டி ஒரு பிரசங்கம் கிடையாது. முத்திரையை உடைத்துப் பார்க்க நினைத்த ஒரு தகப்பன்தான் இருந்தார். அதற்கே அவ்வளவு பயம்.

இந்தப் பயம் பழையது. முதல் உலகப் போரின் ஜெர்மன் பையன்களைப் பற்றி லூயிஸ் மைல்ஸ்டோன் அமெரிக்காவில் எடுத்த 'ஆல் குவைட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்' 1930 டிசம்பரில் பெர்லினுக்கு வந்தபோது, நாஜிக் கட்சியின் கோயபல்ஸ் தன் ஆட்களைத் தியேட்டருக்குள் அனுப்பினார். அவர்கள் துர்நாற்றக் குண்டுகளை வீசினார்கள், வெள்ளெலிகளை அவிழ்த்துவிட்டார்கள். ஒரே வாரத்துக்குள் படத்துக்குத் தடை வந்தது. போருக்குப் பின் லாஸ் ஏஞ்சலிஸில் குடியேறியிருந்த ஜெர்மன் முன்னாள் சிப்பாய்களைத் தேடிப் பிடித்து, அணிவகுப்பு, சல்யூட் எல்லாம் சரியாக இருக்க அவர்களையே நடிக்கவும் வைத்தவர் மைல்ஸ்டோன். அத்தனை கச்சிதமான சீருடைக்குள் பயந்த பையன் ஒருவன் இருந்ததைத்தான் நாஜிகளால் தாங்க முடியவில்லை.

இலங்கைக்கே திரும்புவோம். அசோக ஹந்தகமவின் 'மே மகே சந்தய்' (2000) படத்தின் நாயகன் பதுங்குகுழியை விட்டு ஓடிப்போகும் சிங்களச் சிப்பாய். குழிக்குள் வந்து விழுந்த தமிழ்ப் பெண் அவனைப் பின்தொடர்ந்து அவனுடைய கிராமத்துக்கே வந்துவிடுகிறாள். சிப்பாய் ஓடிப்போவது கற்பனைக்காகப் பிடித்த விநோதம் அல்ல. அந்தப் போரில் படையைவிட்டு ஓடியவர்கள் பல பத்தாயிரம் பேர். திரும்பி வந்தால் தண்டனை இல்லை என்று அரசு திரும்பத் திரும்பப் பொதுமன்னிப்பு அறிவிக்கும் அளவுக்கு அது பெரிய கூட்டம்.

எதிர்ப்பக்கமும் இதே கதைதான். புலிகள் சிறுவர்களைச் சேர்த்ததை யுனிசெஃப் ஆண்டுக்கணக்கில் பதிவு செய்தது. கடைசிக் கட்டப் போரில் வன்னியில் வீட்டுக்கு ஒருவரைக் கட்டாயமாகக் கொண்டுபோனார்கள். பிள்ளைகளைப் பெற்றோர் ஒளித்துவைத்தார்கள். பள்ளிப்பட்டு இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தின் இன்னொரு கோடியில், கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளுக்குப் பக்கத்தில், இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. தமிழ்நாட்டின் பெரிய முகாம்களில் ஒன்று. போர் வேண்டாம் என்று படகேறி வந்தவர்கள் அங்கே இரண்டு தலைமுறையாக வாழ்கிறார்கள். கோடம்பாக்கத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் இருக்குமா? கேமரா அங்கே போனது மிகக் குறைவு. இது வருத்தத்துக்குரியது என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது; நம் சினிமாவின் பெரிய கடன் அது.

அந்தக் கதையைச் சொல்ல ஒரு பிரெஞ்சுக்காரர் வர வேண்டியிருந்தது. ஜாக் ஓடியார் இயக்கி 2015இல் கான் விழாவின் தங்கப்பனை விருது வென்ற 'தீபன்', தோற்ற புலி ஒருவன் தோழர்களின் உடல்களுக்குத் தீ மூட்டி, சீருடையையும் கழற்றி அதிலேயே எறிவதில் தொடங்குகிறது. செத்தவன் ஒருவனின் பாஸ்போர்ட், முன்பின் தெரியாத பெண், தாயில்லாத சிறுமி. மூவரும் குடும்பம்போல நடித்துப் பிரான்ஸ் போய்ச் சேர்கிறார்கள். அங்கேயும் பழைய தளபதி ஒருவர் தேடி வந்து ஆயுதம் வாங்கித் தரச் சொல்கிறார். முடியாது என்கிறான் தீபன், அடி விழுகிறது. இந்த மறுப்பை நடித்த ஷோபாசக்தி, நிஜத்திலும் பதின்வயதில் இயக்கத்தில் சேர்ந்து, பிறகு விலகி, 1993இல் பிரான்ஸில் தஞ்சம் புகுந்தவர். அவருடைய 'கொரில்லா' நாவலை வாசித்தவர்களுக்கு அந்த முகத்தில் இருக்கும் களைப்பு எங்கிருந்து வந்தது என்று விளங்கும்.

விதானகே பற்றி இன்னும் ஒன்று. போரைவிட்டு வந்து மலைநாட்டில் அடகுக்கடை நடத்தும் முன்னாள் சிங்களச் சிப்பாய், தமிழ்ப் பெண்ணை மணந்து, தன் பழைய வேலையை அவளிடம் மறைக்கிறான்: இது அவர் 2012இல் எடுத்த 'ஒப நதுவ ஒப எக்க'. தஸ்தயேவ்ஸ்கி கதை ஒன்றின் தழுவல். 2014இல் சென்னைத் தியேட்டருக்கு வந்தபோது, சிங்களப் படம் என்பதற்காக எதிர்ப்பும் மிரட்டலும் கிளம்பி, காட்சிகள் நிறுத்தப்பட்டன. ராணுவத்தைத் தளர்த்துகிறார் என்று கொழும்பில் தடுக்கப்பட்டவர், சிங்களவர் என்று சென்னையில் தடுக்கப்பட்டார். குற்றவுணர்ச்சியில் வெந்துபோன ஒரு சிப்பாயைப் பார்க்கும் வாய்ப்பை, அதை முதலில் பார்த்திருக்க வேண்டியவர்களே இழந்தோம்.

ஆக, சொல்லிவைத்த தமிழ்ப் படங்கள் அடுத்த வாரத்துக்குப் போகின்றன. 1945இல் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம், பிரிட்டிஷ் அரசின் போர்ப் பிரச்சாரத்துக்குத் தோதாக 'பர்மா ராணி' எடுத்து, தானே ஜப்பானிய அதிகாரியாக நடித்ததில் தொடங்கி, 1963இன் 'ரத்தத் திலகம்' வழியாக 2024இன் 'அமரன்' வரை. பள்ளிப்பட்டு ஹவில்தாரும் தன் ரெஜிமென்ட் நாட்களைப் பற்றி எழுதி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். கிடைத்தால் அதையும் சேர்த்துப் பார்ப்போம்.

(தொடரும்)